பூத்து முடிந்த செங்காந்தள் கொடி மஞ்சளிக்கிறது: தண்ணீரைக் கூட்டலாமா?

கொடிமுல்லை:
தொட்டியில் செங்காந்தள் (கண்வலிக்கிழங்கு) வளர்க்கிறேன். நல்ல வெயில் படும் இடம், ஏறிக்கொள்ளக் கம்பிவலை. பூவுக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு காய்கூட நிற்கவில்லை. பூத்து ஓய்ந்ததும் அடியிலிருந்து இலைகள் மஞ்சளித்துக் காய்ந்து, அது மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீரைக் கூட்டினால் தேறுமா? உரம் ஏதாவது வைக்க வேண்டுமா?

மண்வெட்டி:
இலையில் பழுப்பு வட்டங்கள் இருக்கின்றனவா? இலைக் கருகல் நோய் அப்படித்தான் தொடங்கும். கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழு தென்படுகிறதா என்றும் பாருங்கள். இந்தக் கொடியை மொட்டையடிப்பதில் அதற்கு நிகரில்லை.

கொடிமுல்லை:
புள்ளியும் இல்லை, புழுவும் இல்லை. எல்லா இலைகளும் ஒரே சீராக மஞ்சளிக்கின்றன.

கிழங்குப்பித்தன்:
அப்படியென்றால் நோய் இல்லை, கொடி உறங்கப் போகிறது. செங்காந்தள் பல பருவம் வாழும் செடிதான். ஆனால் நிலைத்திருப்பது கிழங்கு மட்டுமே. மேலே உள்ள தண்டு பருவத்துக்குப் பருவம் மடியும். இலை காயும்போது அதிலுள்ள சத்து புதுக் கிழங்குக்கு இறங்குகிறது. ஆகவே பச்சை இருக்கும்வரை கொடியை வெட்டாதீர்கள். தண்ணீரைக் கூட்டவே கூடாது. படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். உறங்கும் கிழங்கை ஈரமண்ணில் விட்டால் அழுகும்.

மண்வெட்டி:
கொஞ்சம் சாம்பல் சத்து (பொட்டாசியம்) கொடுத்தால் கிழங்கு பருக்குமே?

கிழங்குப்பித்தன்:
கொடுக்க வேண்டிய காலம் மொட்டு விடும் முன். காய்கிற கொடிக்கு உரம் வைத்து என்ன பயன்?

காய் பற்றி: இந்தப் பூவின் அமைப்பே அப்படி. சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாக மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். வண்டோ வண்ணத்துப்பூச்சியோ வராவிட்டால் மகரந்தம் அதன் நுனியிலுள்ள சூல்முடிக்கு எட்டாது. அடுத்த பருவத்தில், பூ விரிந்த முதல் சில நாள்களுக்குள் காலை வேளையில், மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவுங்கள். வேறொரு கொடியின் மகரந்தமாக இருந்தால் இன்னும் நல்லது. விதைக்காகவே இதைப் பயிரிடுகிறவர்களும் கையால்தான் சேர்க்கிறார்கள்.

வேலியோரம்:
இடையில் ஒரு கேள்வி. இந்தக் கிழங்கு மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்கள். வீட்டிலேயே அரைத்துக் குடிக்கலாமா?

கிழங்குப்பித்தன்:
கூடாது, ஐயா. இதிலுள்ள கோல்சிசின் என்ற வேதிப்பொருள் கீல்வாதத்துக்கு (கவுட்) மருந்து என்பது உண்மை. ஆனால் அது ஆலையில் பிரித்தெடுத்து, அளந்து, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்து. கிழங்குக்குக் கிழங்கு அளவு மாறும். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. தின்றுவிட்டால் வாந்தியும் பேதியும் தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம். அதற்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உண்ணும் கிழங்கு என்று நினைத்து இதைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. தோண்டிய கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

கொடிமுல்லை:
கொடி முழுதும் காய்ந்த பிறகு தோண்டிப் பார்த்தேன். கவைபோல இரண்டு கிளையுள்ள கிழங்கு. ஒரு கிளையின் நுனி கொழகொழவென்று இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

கிழங்குப்பித்தன்:
வேண்டாம். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளை உண்டு. அழுகிய கிளையை நல்ல சதை தெரியும்வரை வெட்டி எறிந்து, வெட்டுவாயில் பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவி நிழலில் உலர்த்துங்கள். மீதிக் கிளையின் முளை ஒடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அது போனால் எவ்வளவு பருத்த கிழங்கும் முளைக்காது. காய்ந்த மணலில் புதைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, முளை நிமிரத் தொடங்கும்போது நடுங்கள்.

மண்வெட்டி:
நடும்போது கிழங்கைப் படுக்கை வாட்டில் வையுங்கள். தொட்டியின் வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிழங்கு அழுகியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.