டீசல் பம்பை இறக்கும் முன்: பழைய டர்போ வண்டி அனுபவங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து:

என்னுடையது 2004 மாடல் டர்போ டீசல். என்ஜினுக்கு டீசலை அளந்து அழுத்தி அனுப்புவது விஇ வகை ரோட்டரி பம்ப், கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவும் கிடையாது. கொஞ்ச நாளாகவே காலையில் செல்ஃப் நீளமாகச் சுற்றி, வெள்ளைப்புகை தள்ளி, திணறித்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் அன்று முழுக்கத் தொட்டதும் ஸ்டார்ட். கூடவே இழுவையும் போனது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வர முடிந்தது. முதலில் காட்டிய பட்டறையில், "பம்ப் போச்சு, இறக்கி கலிபரேஷன் (டீசல் அளவைச் சோதிச்சு சரிபண்றது) பண்ணணும்" என்று முடித்துவிட்டார்கள்.

தருமபுரியில் பம்ப் வேலையிலேயே தலை நரைத்த ஓர் அண்ணன் இருக்கிறார். ஸ்பானரை எடுக்கவே இல்லை. "ராத்திரி வண்டி எப்படி நிக்குது தம்பி?" என்றுதான் கேட்டார். எங்கள் வாசல் சரிவு, வண்டியின் முன்பக்கம் மேடேறி நிற்கும். "இன்னிக்குத் திருப்பி நிறுத்து, காலைல எப்படிப் பிடிக்குதுன்னு பாத்துட்டு வா" என்றார். மறுநாள் காலை அரைச் சுற்றில் பிடித்தது.

இந்தப் பம்ப் டேங்கிலிருந்து டீசலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். வழியில் ஹோஸ் வெடித்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே ஏறும். ராத்திரி முழுக்க டீசல் மெதுவாக டேங்குக்கே இறங்கிவிடும். அதனால்தான் ஈரம் தேடியவர்கள் யார் கண்ணிலும் எதுவும் படவில்லை. அண்ணன் பம்புக்குள் போகும் வழியில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு சாண் நீளம் மாட்டினார். ஐட்லிங்கில் கடுகு கடுகாகக் குமிழ் ஓடியது. ஃபில்டர் பக்கத்து ஹோஸ், கிளாம்புக்கு அடியில் வெடித்திருந்தது.

இழுவைக்குக் காரணம் வேறு. பம்பின் மேல் டயாஃப்ரம் இருக்கும் வட்டக் கூட்டுக்கு டர்போவின் காற்று ஒரு சின்ன ஹோஸ் வழியாக வரும். அந்த அழுத்தம் வந்தால்தான் பம்ப் கூடுதல் டீசல் விடும். அந்த ஹோஸும் கீறியிருந்தது. கரும்புகை இல்லாமல் இழுவை குறைந்தால் இதைப் பாருங்கள். கரும்புகையோடு குறைந்தால் ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் பெரிய ஹோஸ் பக்கம் போங்கள். இரண்டு ஹோஸ் மாற்றியதோடு என் வேலை முடிந்தது. பம்பை யாரும் தொடவில்லை. அந்த அண்ணனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஓசூரிலிருந்து:

எனக்கு மேலுமலை ஏற்றத்தில், ராத்திரி நேரம், ஓடிக்கொண்டிருந்த வண்டி சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, புகையே வரவில்லை. பம்பில் இருக்கும் ஸ்டாப் சோலனாய்டில் (கரண்டு வந்தால் டீசலைத் திறந்துவிடும், போனால் அடைக்கும் வால்வு) சாவி போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. டெஸ்ட் பல்பு வைத்தால் கரண்டும் வரவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் கொடுத்தேன், வண்டி எழுந்துகொண்டது. ஆனால் அப்படி ஓட்டினால் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்காது, ஒயரைப் பிடுங்க வேண்டும். ஒயரில் ஃப்யூஸ் போடாமல் நீண்ட தூரம் ஓட்டவும் கூடாது.

அரூரிலிருந்து:

என் வண்டியில் உண்மையிலேயே பம்ப்தான். ஆக்சிலேட்டர் லிவர் சுற்றும் இடத்தில் டீசல் கசிந்து பம்ப் முழுக்க நனைந்திருந்தது. 2020 ஏப்ரலில் இருந்து நாடு முழுக்க வருவது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கந்தகம் உள்ள டீசல். என் வண்டி வந்த காலத்து டீசலில் 500 பிபிஎம் வரை இருக்கலாம். டீசலின் சேர்மானம் மாறும்போது பழைய ரப்பர் சீல் சுருங்கிக் கசியும் என்று பம்ப் கடைக்காரர் சொன்னார். சீல் கிட் போட்டதும் கசிவு நின்றது. மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ் போல்ட்டில் 'அவுட்' என்று எழுதியிருக்கும், உள்ளே ஊசித் துளைதான். அதை டீசல் உள்ளே வரும் இன்லெட்டில் மாற்றி மாட்டிவிட்டால் நல்ல பம்பும் வேலை செய்யாது. கழற்றுபவர் பக்கத்தில் நின்று பாருங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

அரூர் நண்பரே, பம்பைத் திரும்ப ஏற்றும்போது டைமிங்கை (டீசல் பாயும் நேரத்தை) டயல் கேஜ் என்கிற அளவுமானி வைத்துப் பார்த்தார்களா? பழைய குறியில் வைத்துச் சத்தம் கேட்டுச் சரிசெய்யும் இடங்கள் நிறைய. கேஜ் வைக்கவில்லை என்றால் திரும்பக் கொண்டுபோய்ப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, பம்பிலிருந்து நாசிலுக்கு (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா பார்க்கும்போது கையைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.