ஜிடிஏ 4-க்கு டிஎக்ஸ்விகே போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பழைய கேம் என்றால் புதிய கணினியில் பறக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஜிடிஏ 4 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4) அந்தக் கணக்குக்கு அடங்காது. 2008 டிசம்பரில் பிசிக்கு வந்த கேம். இன்றைக்கும் கேமில் வரும் ஸ்டார் ஜங்ஷன் பக்கம் வேகமாக வண்டியை ஓட்டினால் திணறுகிறது. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு பாதி சும்மா இருக்கும். பிராசஸரில் ஒன்றிரண்டு கோர் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் காரையும் வரையச் சொல்லி கேம் அனுப்பும் கட்டளைகள் டைரக்ட்எக்ஸ் 9 (கேமுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் நிற்கும் விண்டோஸ் மென்பொருள்) வழியில் அங்கேதான் நெரிசலாகி நிற்கின்றன.

டிஎக்ஸ்விகே என்ற மென்பொருள் அந்தக் கட்டளைகளை வாங்கி, வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் வழிக்கு மாற்றிக் கொடுக்கிறது. மாற்றும் வேலையில் பெரும்பகுதியைத் தனி த்ரெட்டில் (பிராசஸரில் தனியாக ஓடும் வேலை வரிசை) செய்வதால் கேமின் முக்கிய த்ரெட்டுக்குச் சுமை குறைகிறது. எனக்குக் கிடைத்த பெரிய பலன் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) இல்லை. திரையில் ஓடும் ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேம் வர ஆகும் நேரம்) கோடு முன்பு ரம்பப் பல் மாதிரி இருந்தது. இப்போது பாலம் தாண்டி அல்காங்க்வின் தீவுக்குள் நுழையும்போதுகூட ஏறக்குறைய நேராகப் போகிறது. விளையாடும் கைக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

போடுவது சுலபம். கேம் 32 பிட் என்பதால் டிஎக்ஸ்விகேயின் எக்ஸ்32 ஃபோல்டரில் உள்ள டி3டி9.டிஎல்எல் ஃபைலை மட்டும் எடுத்து, கேமின் இஎக்ஸ்இ இருக்கும் இடத்தில் வைத்தால் போதும். விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடவே கூடாது. பிடிக்கவில்லையா, அந்த ஃபைலை அழித்துவிடுங்கள், பழையபடி ஆகிவிடும். வீடியோ மெமரியை கேம் தப்பாகக் காட்டினால் கமாண்ட்லைன் ஃபைலில் அவைலபிள்விட்மெம் அமைப்பைச் சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். கடைசி மிஷனில் ஹெலிகாப்டரில் தொற்றி ஏறும் இடம் அதிக எஃப்பிஎஸ்-இல் சரியாக வேலை செய்யாது, பட்டனை எவ்வளவு தட்டினாலும் ஹீரோ ஏற மாட்டான். டிஎக்ஸ்விகே கான்ஃபிக் ஃபைலில் மேக்ஸ்ஃப்ரேம்ரேட்டை 30 என்று வைத்து அந்த மிஷனை முடித்துவிட்டு மறுபடி எடுத்துவிடலாம்.

பதில்:

அண்ணே, நல்ல பதிவு. பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 660. டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். இந்தத் தலைமுறை கார்டுக்கு விண்டோஸ் டிரைவர் 1.2 வரைதான் தருகிறது. அதனால் 1.10.3 பதிப்பைப் போட்டேன், கேம் ஒழுங்காக ஓடுகிறது. புதிய தெருவுக்குள் முதல் தடவை போகும்போது ஷேடர் (ஒளி, நிறம் கணக்கிடும் சின்ன நிரல்) தயாராகும் வரை சின்ன விக்கல் இருக்கிறது. 2022 நவம்பரில் வந்த 2.0 அந்த விக்கலைப் பெருமளவு குறைத்திருக்கிறது, ஆனால் அதற்கேற்ற டிரைவரும் வேண்டும். இன்டெல் ஹெச்டி 4000 லேப்டாப்காரர்கள் விண்டோஸில் இதை முயல வேண்டாம், அதற்கு வல்கனே கிடையாது.

பதில்:

தம்பி சொன்னது சரி. நான் லினக்ஸ்காரன், இது எங்கள் பக்கம் பிறந்த சாமான். நியர் ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் விளையாட வேண்டும் என்று ஃபிலிப் ரெபோலே தொடங்கிய வேலை. ஸ்டீம் நடத்தும் வால்வ் நிறுவனம் அவருக்குக் கைகொடுத்து, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட 2018 ஆகஸ்டில் வந்த புரோட்டானில் இதைச் சேர்த்தது. டைரக்ட்எக்ஸ் 9 பகுதி ஜோஷுவா ஆஷ்டன் தனியாகச் செய்துவந்தது. 2019 டிசம்பரில் 1.5 பதிப்போடு டிஎக்ஸ்விகேக்குள் வந்தது. எனக்கு இவர்கள் இருவர் மேலும் தனி மரியாதை. விண்டோஸ்காரர்கள் ஒரு ஃபைலை வைத்துப் பெறுகிற பலனுக்குப் பின்னால் இத்தனை வருட உழைப்பு இருக்கிறது. போர்ட்டல் 2 கேமுக்கு வால்வே வல்கன் வசதி கொடுத்ததும் இதை வைத்துத்தான்.

2024-இல் வந்த 2.4 பதிப்பில் டைரக்ட்எக்ஸ் 8-உம் சேர்ந்துவிட்டது, மேக்ஸ் பெய்ன் முதல் பாகத்தையும் முயன்று பாருங்கள். ஆன்ட்டி-சீட் (ஏமாற்றி விளையாடுவதைப் பிடிக்கும் வசதி) உள்ள ஆன்லைன் கேம் ஃபோல்டரில் மட்டும் இந்த ஃபைலை வைக்காதீர்கள், அக்கவுண்டுக்கே ஆபத்தாகலாம்.