புதுப்பிப்பு: பக்கத்துக் கசடுக் கிடங்கு

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியை ஒட்டிய சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், அதில் மிஞ்சும் கசடை (சேற்றை) வைக்கும் பழைய கிடங்கை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறது, தூசி வெள்ளைத் துணியில் படியும் என்று போன மாதம் புலம்பியிருந்தேன்.

நேற்று அக்கம்பக்கத்துக்காரர்கள் ஏழு பேர் நிலைய நிர்வாகத்திடம் போய்ப் பேசினோம். இரண்டு நாள் ஜன்னலோரம் விரித்துவைத்த துணியை மேசைமேல் போட்டேன். மடிப்பில் சாம்பல் நிறக் கோடு. அதன்பிறகே பேச்சு இறங்கிவந்தது: நான்கு புறமும் சுவர், கூரை, சிமென்ட் ஆலைக்குக் கசடு ஏற்றிப்போகும் லாரிகளுக்குத் தார்ப்பாய். லாரி நேரத்தில் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"நிலையத்தையே மூடச் சொல்லுங்கள்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக்கிடந்ததைப் பார்த்தவன் நான், அது வேண்டாம். கழிவுநீரை ஆற்றில் விடக்கூடாது என்றால் கசடு எங்காவது சேரத்தானே செய்யும்?

வெள்ளிக்கிழமை எழுத்தில் தருகிறார்களாம்.