பழைய வாஷிங் மெஷினுக்குப் பாதி விலை எப்படிப் போடுவது?

வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு மாதமாக மண்டையைக் குடைகிறது.

நானும் நண்பனும் மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். போன மாதம் காலி செய்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். சேர்ந்து வாங்கிய வாஷிங் மெஷின் என்னிடம் இருக்கிறது. வாங்கிய விலையில் பாதியைக் கேட்கிறான். மூடி உடைந்த மெஷின் அது. வேகமாகச் சுற்றும்போது பாத்ரூம் வாசல்வரை தானே நகர்ந்து வந்துவிடும். இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அதில் பாதி தருகிறேன் என்றேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

அப்புறம் அட்வான்ஸ். சுவரில் இருந்த ஓட்டைகளுக்காக வீட்டுக்காரர் பிடித்த பணம் முழுவதும் என் பங்கில் போய்விட்டது. ஆணி அடித்தவன் அவன், கிட்டாரை மாட்டுவதற்கு. (கடைசிவரை அதை வாசிக்கவே இல்லை, அது வேறு கதை.) பெயிண்ட் மங்கினால் தேய்மானம், ஓட்டை போட்டால் சேதம். அதைச் செய்தவர்தானே தர வேண்டும்?

எழுத்தில் எதுவும் இல்லை, மெஷினுக்குப் பணம் அனுப்பிய ரசீது மட்டும் இருக்கிறது. இரண்டு கணக்கையும் ஒன்றில் ஒன்று கழித்துக்கொள்ளலாமா? நட்பு கெடாமல் இதை யாராவது முடித்திருந்தால், எப்படிப் பேசினீர்கள் என்று சொல்லுங்கள்.