விமான மெக்கானிக்குகளின் இடத்தை இயந்திரங்கள் பிடிக்குமா?

கேள்வி: விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர விரும்புகிறேன். செயற்கை நுண்ணறிவும் ரோபோக்களும் இந்த வேலையைப் பறித்துவிடும் என்று பலர் சொல்வதால் தயங்குகிறேன். துறையில் இருப்பவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பதில் 1: என்ஜின் உணரிகள் அனுப்பும் வெப்பநிலை, அதிர்வு, எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றை ஆராய்ந்து, பாகம் பழுதாகும் முன்பே எச்சரிக்கும் மென்பொருள்கள் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன, ஏர்பஸ்ஸின் ஸ்கைவைஸ் 2017இல் அறிமுகமானது. ஆனால் எச்சரிக்கை வந்த பிறகு, கண்ணுக்கு எட்டாத இடுக்கில் கையை நுழைத்து, விரல் நுனியின் உணர்வை மட்டுமே நம்பி இணைப்பைக் கழற்றுபவர் மெக்கானிக்தான். பழைய பழுதுபார்ப்புகளின் தடயங்கள் விமானத்துக்கு விமானம் வேறுபடுவதால், தொழிற்சாலை ரோபோவைப் போல ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து இந்த வேலையை முடிக்க இயலாது.

பதில் 2: ஆய்வுப் பணி மாறும் என்பதை நாம் மறுக்கக் கூடாது. 1988இல் அலோஹா ஏர்லைன்ஸ் 243 விமானத்தின் மேற்கூரை நடுவானில் பிய்ந்து போனதற்கு, பராமரிப்பில் கண்டறியப்படாத உலோகச் சோர்வு விரிசல்கள் (திரும்பத் திரும்ப அழுத்தத்துக்கு உள்ளாகி உலோகம் வலுவிழப்பதால் வருபவை) காரணமாயின. செயற்கை நுண்ணறிவு இயக்கும், களைப்பறியாத கேமராக் கண் இத்தகைய ஆய்வில் பெருந்துணையாகும் என்றே நம்புகிறேன்.

பதில் 3: பணி முடிந்தபின், விமானம் பறக்கத் தகுதியானது என்று கையொப்பமிடுபவர் உரிமம் பெற்ற மனிதரே. தயங்காமல் சேருங்கள், ஏவியானிக்ஸையும் (விமான மின்னணுவியல்) ஆழமாகப் படியுங்கள்.