அயர்லாந்தின் சிற்றூர்களில் வீடும் கடையும்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

காரிக்-ஆன்-ஷானன் ஊரில் குடும்பத்தோடு இருக்கிறேன். அயர்லாந்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த லீட்ரிம் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தலைநகர் இது. கவுண்டி முழுக்க எண்ணினாலே 35 ஆயிரம் பேர்தான் தேறுவார்கள். ஷானன் ஆற்றில் படகு வாடகைக்கு எடுக்க வருகிறவர்களும் சனி, ஞாயிறு கூட்டமும்தான் கடைத்தெருவை ஓட்டுகிறார்கள். வீடு, கடை பற்றி இங்கே சிலரிடம் பேசியதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டதையும் எழுதுங்கள்.

வாடகை வீடு தேடிய நாட்களில் ஒரு மூன்று படுக்கையறை வீட்டைப் பார்க்கப் போனோம். வாசலில் வரிசை நின்றது. வருகிற வழியில் திரை மூடிக் கிடந்த வீடுகளைப் பற்றி அந்த வீட்டு முகவரிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். ஒரு வீட்டில் உரிமையாளர் இறந்துவிட்டார். பிள்ளைகள் பாஸ்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள், பாகம் பிரியவில்லை. இன்னொரு வீட்டு அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டால் வரும் பணத்தில் பெரும்பகுதியை அந்த இல்லத்தின் கட்டணக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று குடும்பம் பூட்டியே வைத்துவிட்டது. அந்த விதியை 2022இல் தளர்த்தி, 2024இல் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். ஆனால் பூட்டிய வீடு அவ்வளவு சீக்கிரம் திறப்பதில்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் காலி, அதுவும் விடுமுறைக்கால வீடுகளைச் சேர்க்காமல்.

எனக்கு அதிகம் விளக்கியவர் ஒரு இரும்புக்கடைக்காரர். எழுபதைத் தாண்டியவர். ஆணி வாங்கப் போனால் அரை மணி நேரம் பேச்சு ஓடும். கடைக்கு மேலே இரண்டு மாடி இருக்கிறது. அவர் பிறந்ததே அங்கேதான். அந்தக் காலத்தில் தெருவில் எல்லாக் கடைக்கு மேலும் ஒரு குடும்பம் இருந்ததாம். இரவில் யாருக்காவது மருந்து வேண்டுமென்றால் மருந்துக்கடைக்காரரைக் கீழிருந்தே கூப்பிடலாமாம். இப்போது அவரும் ஊருக்கு வெளியே பங்களாவில்தான் இருக்கிறார். மாடியில் பழைய சரக்கும் புறாக்களும்.

மாடியை ஏன் வீடாக்கவில்லை என்று கேட்டேன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மாடிப்படி கடைக்குள்ளேயே இருக்கிறது. தனி வாசல் வைக்க வேண்டுமென்றால் கடையின் முகப்பையே குறைக்க வேண்டும். தீப்பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க மரத்தளத்தைப் பிரித்துப் போட வேண்டும். காலியான கடைகளை ஒன்பது வீடுகள் வரை திட்ட அனுமதி இல்லாமலே மாற்றலாம் என்று 2018இல் விதி வந்தது, சரி. ஆனால் தீப்பாதுகாப்பு விதிக்கு விலக்கு இல்லை, இருக்கவும் கூடாது. காலியாகக் கிடக்கும் கட்டடத்தைப் புதுப்பிக்க அரசு தரும் க்ரோய் கோனாஹா என்ற மானியத்தில் 50 ஆயிரம் யூரோ வரை, சிதிலமான கட்டடம் என்றால் 70 ஆயிரம் வரை கிடைக்கும். அது வேலை முடிந்து, ஆய்வு நடந்த பிறகுதான் கைக்கு வரும். “இந்த வயதில் எந்த வங்கி எனக்கு முன்பணம் தரும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

எனக்கு வருத்தம் என்னவென்றால், ஊருக்கு வெளியே வயலில் நூறு வீடு கட்டுவதற்கு இருக்கிற சுறுசுறுப்பு இந்த மாடிகள் விஷயத்தில் இல்லை. புது வீடுகளும் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே குடிபோகிறவர் காரில் ஏறிப் பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார். மாடியில் குடியிருக்கிறவர் கீழே இறங்கினால் ரொட்டிக்கடை. கடைத்தெரு பிழைக்க வேண்டுமென்றால் முதலில் இந்த மாடிகளில் விளக்கு எரிய வேண்டும்.

கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை இந்தக் கவுண்டி ஏற்கெனவே பார்த்துவிட்டது. மேல் ஷானன் பகுதிக்கென்று 1990களின் இறுதியில் வரிச்சலுகை கொடுத்தார்கள். ஆள் வருவார்களா என்று யாரும் கேட்காமல் வீடுகள் எழுந்தன. 2008இல் எல்லாம் நின்றது. 2010இல் அரசு எண்ணியபோது நாட்டில் 2,800க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அரைகுறையாகக் கிடந்தன. எங்கள் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர் அப்படி ஒன்றில் குடியிருந்தவர். தெருவிளக்கு இல்லை, சாலைக்கு மேல்தார் போடவில்லை, கட்டியவர் திவால். சாக்கடை அடைத்தால் கவுன்சிலை (உள்ளாட்சி மன்றத்தை) கேட்க முடியாது, ஏனென்றால் குடியிருப்பைக் கவுன்சில் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவரும் இரண்டு குடும்பங்களும் தாங்களே பணம் போட்டு ஆள் வைத்துச் சரிசெய்தார்களாம்.

மறுமொழி 1

நான் மேயோ கவுண்டியில், பாலிஹானிஸ் பக்கம். இங்கே கதையே வேறு. 1970களில் ஹலால் இறைச்சி ஆலை வந்தது, ஆட்கள் வந்தார்கள், 1987இல் பள்ளிவாசல் கட்டினார்கள். 2011 கணக்கெடுப்பில் வெளிநாட்டவர் விகிதம் நாட்டிலேயே அதிகமாக இருந்தது இந்த ஊரில்தான். நான் காய்கறி வாங்கும் கடையில் வெண்டைக்காய் கிடைக்கும். கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன், தொழில் எப்படி என்று. கடைக்கு ஆள் குறைவில்லை, வேலைக்கு வரத் தயாராக இருக்கிறவருக்குத் தங்க வீடு கிடைப்பதில்லை, அதனால் இரண்டாவது கடை திறக்கவில்லை என்றார். நீங்கள் சொல்லும் மாடிகள் இங்கேயும் காலியாகத்தான் கிடக்கின்றன.

மறுமொழி 2

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் கட்டடம் எதுவானாலும் மனையின் வாசலில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பம் கவுன்சிலுக்குப் போன 5 வாரத்துக்குள் 20 யூரோ கட்டி யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். குடியுரிமை தேவையில்லை. எதிர்த்துத்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு குடியிருப்புக்கு நான் ஆதரித்தே எழுதினேன். கூடவே, கடைத்தெரு வரை நடைபாதை போட்ட பிறகே வீடுகளில் குடியேற்ற வேண்டும் என்று கேட்டேன். தகவல் பலகையைப் படித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, என் கடிதத்தைப் படித்ததாகச் சொல்லி, தேவாலயத்துக்கு நடந்து போக அந்தப் பாதைக்காக எத்தனையோ வருடமாகக் காத்திருப்பதாகச் சொன்னார். கவுன்சில் கொடுத்த அனுமதியில் நடைபாதையை நிபந்தனையாகச் சேர்த்திருந்தார்கள்.

கருத்து எழுதினால் கவுன்சிலிலிருந்து ஒப்புகைக் கடிதம் வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிறகு மேல்முறையீடு செய்ய வேண்டி வந்தால், திட்ட அனுமதி மேல்முறையீடுகளைக் கவனிக்கும் தேசிய அமைப்பிடம் (முன்பு போர்டு ப்ளனாலா, 2025இலிருந்து கமிஷன்) கவுன்சில் முடிவெடுத்த 4 வாரத்துக்குள் போக வேண்டும். அப்போது அந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினால்தான் எடுத்துக்கொள்வார்கள்.