பைப் கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறது: தப்பு கையிலா, பைப்பிலா, புகையிலையிலா?

புதுப்புகை:
சிகரெட்டை விட்டு பைப்புக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கையில் இருப்பது ஒரு பிரையர் மரப் பைப், வளைந்த தண்டு, நடுத்தரக் கிண்ணம். பற்றவைத்த முதல் சில நிமிடம் சுகமாகப் போகிறது. அப்புறம் கிண்ணம் சூடேறி, பாதி முடிவதற்குள் விரலை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு நாக்கு நுனி வெந்துபோய் மறுநாள் வரை எரிகிறது. கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு பதில். மெதுவாக இழு, புகையிலையைக் காயவை, வேறு பைப் வாங்கு என்கிறார்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்தால் எது பலித்தது என்றே தெரியாது. முதலில் எதைச் செய்வது?

ஆமைநடை:
சிகரெட்டை விட்டிருக்கிறீர்கள், சிகரெட் இழுப்பை இன்னும் விடவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

கொல்லன் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் தணலுக்குக் காற்று ஊட்டுகிறது. அடுத்த இழுப்புக்கு முன் அது ஆற நேரம் கொடுக்காவிட்டால் சூடு மரத்தில் சேர்ந்துகொண்டே போகும். மேலே நீறு பூத்த நெருப்பாக இருந்தால் போதும், ஜொலிக்க வேண்டாம். வாய் நிறையப் புகை வர வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். நூல் மாதிரி மெல்லியதாக வந்தாலே ருசி தெரியும். இரண்டு இழுப்புக்கு நடுவில், தண்டு வாயில் இருக்கும்போதே, மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். ஊதுகிற அளவுக்கு வேண்டாம், கண்ணாடியில் ஆவி படிய வைக்கிற அளவு போதும். தணல் அணையாமலும் இருக்கும், கொதிக்காமலும் இருக்கும்.

அணைந்தால் அணையட்டும். திரும்பப் பற்றவைப்பது மானக்கேடு இல்லை. கிண்ணத்தை அவ்வப்போது கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சட்டென்று எடுக்கத் தோன்றினால் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

மெதுவாகப் புகைக்கும் போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் 3 கிராம் புகையிலை, இரண்டே தீக்குச்சி, பற்றவைக்க ஒரு நிமிடம். அணைந்தால் ஆட்டம் முடிந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். கை சரியாக இருந்தால் எந்தப் பைப்பும் சுடாது.

ஈரவிறகு:
இப்படித்தான் எதற்கெடுத்தாலும் "மெதுவாக இழு". நானும் ஒரு வருடம் அந்த அறிவுரையை நம்பி நாக்கைப் பொசுக்கிக்கொண்டேன்.

டின்னைத் திறந்து அப்படியே எடுத்து அடைக்கிறீர்களா? பெரும்பாலான டின் புகையிலை, புகைக்க வேண்டிய பதத்தைவிட ஈரமாகத்தான் வரும். உலர்ந்துபோன சரக்கு என்று யாரும் குறை சொல்லக் கூடாதே. ஈரப் புகையிலை சரியாகப் பற்றாது. பற்றாததால் இழுக்கிறோம். இழுக்க இழுக்க மேலே தணல் பழுக்கிறது, கீழே ஈரம் ஆவியாகிறது. "மெதுவாக இழு" என்று ஈர விறகு வைத்திருப்பவனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? அடுப்பு அணையும், மறுபடி ஊதுவான்.

ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் அழுத்திப் பாருங்கள். விட்ட பிறகும் உருண்டையாகவே ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம். மெல்லப் பிரிந்து வந்தால் பதம். நொறுங்கினால் காய்ந்துவிட்டது. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் காகிதத்தில் பரப்பி வையுங்கள். வாசனை சேர்த்த வகை என்றால் இதையும் நம்பாதீர்கள். அதில் ஈரம் காக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்த்திருப்பார்கள், நாள் முழுக்கப் பரப்பி வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது.

ஆமைநடை:
காய்ந்த புகையிலை சீக்கிரம் எரியும் என்பதை மறந்துவிட்டீர்கள். ஈரம் இருந்தால் தணலின் சூட்டில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்கவே செலவாகும், தணல் தானாக அடங்கும். காயவைத்தால் அந்தக் கடிவாளமும் போச்சு. புதிதாக வந்தவருக்கு, அதுவும் வேகமாக இழுப்பவருக்கு, காய்ந்த புகையிலையைக் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

ஈரவிறகு:
இங்கேதான் நீங்கள் இரண்டு நோயை ஒன்றாக்கிக் குழப்புகிறீர்கள். கிண்ணம் சுடுவது வேறு, நாக்கு வேகிறது வேறு.

கிண்ணம் சுடுவதற்குக் காரணம் எரியும் வேகம். அதில் உங்கள் பேச்சை ஒப்புக்கொள்கிறேன். நாக்கு வேகிறதற்குப் பெரும்பங்கு காரணம் நீராவி. ஒரு கிராம் நீராவி நாக்கில் பட்டு நீராகும்போதே ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை அங்கே இறக்கிவிடும். அதே ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு ஆறும்வரை கொடுப்பது 63 கலோரிதான். பானையிலிருந்து வரும் ஆவியில் கை காட்டியவனுக்கு இது தெரியும். கிண்ணத்தைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டே நாக்கைப் பொசுக்கிக்கொள்ள முடியும், ஈர வாசனைப் புகையிலை போட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் போட்டி. எல்லோருக்கும் ஒரே பைப், ஒரே புகையிலை கொடுத்து நடத்துவது. உயிர் போகாமல் இருந்தால் போதும் என்று தணலைப் பிடித்துவைத்திருப்பார்கள். அதில் ருசிக்கு மதிப்பெண் கிடையாது. நாம் சாயங்காலம் உட்கார்ந்து புகைப்பது கடிகாரத்தை ஜெயிக்கவா?

கடைசல்காரன்:
சண்டைக்கு நடுவில் வருகிறேன். பொழுதுபோக்காக லேத்தில் பைப் கடைபவன் நான், அதனால் என் கண் மரத்தின் மேல்தான் போகும்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஆமைநடை சொல்லப் போகிறார். ஒப்புக்கொள்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சில நேரம் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும். கிண்ணத்தின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 38 என்றால் சுவருக்கு 9 மில்லிமீட்டர் கிடைக்கும், நல்ல கனம். அழகுக்காக வெளிப்புறத்தைச் செதுக்கி 5-க்குக் கொண்டுவந்தால் அதே புகையிலை, அதே ஆள், ஆனால் விரல் சுடும். உள்ளே எரிவது ஒன்றுதான், வெளியே தெரிவது சுவரைப் பொறுத்தது. காற்றுத் துளையும் முக்கியம். நான் போடுவது 4 மில்லிமீட்டர். துளை குறுகலாக இருந்தாலோ, கிண்ணத்தின் அடியில் சேராமல் மேலே ஏறித் திறந்தாலோ, ஆள் பலமாக இழுத்தே ஆக வேண்டும். அவரைப் பார்த்து மெதுவாக இழு என்பது அநியாயம்.

புது பைப் என்றால் உள்சுவரில் கரிப்படலமும் இருக்காது. நாணயக் கனத்துக்கு, ஒரு மில்லிமீட்டர் ஒன்றரை மில்லிமீட்டர், கரி படிந்துவிட்டால் அது மரத்துக்குக் கவசம். அதற்கு மேல் விட்டால் சூட்டில் விரிந்து மரத்தையே பிளக்கும், சுரண்டிவிட வேண்டும். மீர்ஷாம் பைப்புக்கு இந்தக் கரி தேவையே இல்லை, படியவும் விடக் கூடாது. துருக்கியின் எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டி எடுக்கும் அந்த வெள்ளைக் கல் நுண்துளை நிறைந்தது, ஈரத்தைத் தானே குடித்துக்கொள்ளும். சோளக்கட்டை பைப்பும் அப்படித்தான் லேசாக, ஈரம் உறிஞ்சுவதாக இருக்கும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதே அதைத்தான். பிரையரைப் பாழாக்கும் முன் அதில் பழகலாம்.

புதுப்புகை, மூன்று கேள்வி. கிண்ணம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுடுகிறதா? எதை வைத்துப் பற்றவைக்கிறீர்கள்? எங்கே உட்கார்ந்து புகைக்கிறீர்கள்?

புதுப்புகை:
நீங்கள் கேட்ட பிறகுதான் தொட்டுப் பார்த்தேன். வலது பக்கம் அதிகம் சுடுகிறது. ஜெட் லைட்டர்தான், காற்றில் அணையாது என்பதற்காக வாங்கினேன். வீட்டுக்குள் அனுமதி இல்லை, அதனால் பால்கனி. நல்ல காற்று வரும்.

அடைப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கிண்ணம் நிறையப் போட்டுக் கட்டைவிரலால் ஒரே அழுத்து.

ஈரவிறகு:
ஐயோ.

ஆமைநடை:
முதன்முறையாக நானும் ஈரவிறகும் ஒரே பக்கம். ஜெட் லைட்டரைத் தூக்கிப் போடுங்கள். அந்த நீலத் தீ 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வலது கையால் வலது பக்கமே காட்டியிருப்பீர்கள், அங்கே மட்டும் புகையிலை குடைந்துகொண்டு போய்ச் சுவரை நக்கும். தீக்குச்சி, இல்லாவிட்டால் மஞ்சள் தீ வரும் சாதாரண லைட்டர். குச்சியின் மருந்து எரிந்து முடிந்த பிறகு, தீயை வட்டமாகச் சுற்றுங்கள். முதல் முறை பற்றவைத்ததும் புகையிலை மேலே பொங்கி எழும்பும். அதை டாம்பரால், அதாவது புகையிலையை அழுத்தும் சிறு கருவியால், லேசாகத் தட்டிச் சமப்படுத்தி இரண்டாவது முறை பற்றவையுங்கள். அதுதான் நிஜமான பற்றவைப்பு.

கடைசல்காரன்:
பால்கனிக் காற்றுதான் எனக்குக் கவலை. நீங்கள் இழுக்காத நேரத்திலும் காற்று உங்களுக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. துருத்தி உங்கள் கையிலேயே இல்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், கிண்ணத்தின் மேல் துளை போட்ட மூடி ஒன்று மாட்டுங்கள். இரண்டுமில்லாமல் எவ்வளவு மெதுவாக இழுத்தும் பலன் இல்லை.

அடைப்பது: முதல் சிட்டிகை குழந்தையின் கையால் அழுத்தியது போல, இரண்டாவது பெண்ணின் கையால், மூன்றாவது ஆணின் கையால் என்று பழைய சொல் ஒன்று உண்டு. என் வீட்டுக்காரி பிடியைப் பார்த்தால் அந்த வரிசையை மாற்ற வேண்டியிருக்கும், அது போகட்டும். பற்றவைக்கும் முன் வெறுமனே ஒரு இழு இழுத்துப் பாருங்கள். உறிஞ்சுகுழலில் காற்று இழுப்பது போல மெல்லிய தடை இருந்தால் சரி. கன்னம் உள்ளே குழிந்தால் கொட்டிவிட்டு மறுபடி அடையுங்கள்.

இன்னொன்றைத் தள்ளிப்போடாதீர்கள். பைப் நன்றாக ஆறியதும் அந்த வலது பக்க உள்சுவரைப் பைப் கரண்டி நுனியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கரி. பொலபொலவென்று உதிர்ந்து குழி விழுந்தால் மரமே கருகத் தொடங்கிவிட்டது. வெளியே அந்த இடத்தில் கறுப்புத் திட்டு தெரிகிறதா? தெரிந்தால் அந்தப் பைப்பை உடனே ஓரம் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றவும் வேண்டாம், அது செருகியிருக்கும் மரக் காம்பு விரிசல் விடும்.

விட்டவன்:
இருபத்திரண்டு வருடம் பைப் பிடித்து விட்டவன். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் சொல்வது எல்லாம் சரிதான். ஆனால் "குளிர்ந்த புகை" என்று பேசப் பேச அது தீங்கில்லாத புகை போல ஆகிவிடுகிறது. ஜெர்மன் மருத்துவர் சோமரிங் பைப் புகைப்பவர்களின் உதட்டுப் புற்றைப் பற்றி எழுதியது 1795-இல். உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், உதடு, தொண்டை எல்லாம் பாதையில்தான் இருக்கின்றன. புதுப்புகை சிகரெட்டிலிருந்து தப்பிக்க இதற்கு வந்திருந்தால் அதையும் யோசிக்கட்டும்.

ஈரவிறகு:
யாரும் தீங்கில்லை என்று சொல்லவில்லை, விட்டவன் சார். ஆனால் சொல்லாமல் விட்டதும் உண்மை. என் பங்குக்கு ஒத்துக்கொள்கிறேன்.

புதுப்புகை:
சார், சிகரெட்டை விடத்தான் வந்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. நாள் ஒன்றுக்கு ஒரு கிண்ணம் என்று குறைத்திருக்கிறேன். அதற்கு அடுத்ததை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

தட்டிப் பார்த்தேன், உதிரவில்லை. வெளியே திட்டும் இல்லை. பிழைத்தது.

ஆமைநடை:
நல்லது. ஈரவிறகுக்கு ஒன்று: அலுமினியத் தண்டு வைத்த ஃபால்கன் மாதிரி பைப் வாங்கினால் பிரச்சினை தீரும் என்று முன்பு ஒருமுறை நீங்களே சொன்னீர்கள். உலோகம் புகையின் சூட்டை வாங்கும், ஈரம் தண்டின் அடியில் தேங்கும், சரி. கிண்ணத்துக்கு அதனால் என்ன பலன்?

ஈரவிறகு:
ஒன்றுமில்லை. நாக்குக்குத்தான் சொன்னேன். அதுதான் இரண்டு நோய் என்றேனே, அன்றைக்கும் நீங்கள் கவனிக்கவில்லை.

புதுப்புகை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். தீக்குச்சிக்கு மாறினேன், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன், மூன்று தவணையாக அடைக்கிறேன். ஒரு கிண்ணம் முன்பு இருபது நிமிடம், இப்போது நாற்பதைத் தாண்டுகிறது. நடுவில் மூன்று முறையாவது அணைகிறது. கன்னத்தில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது, எடுக்கத் தோன்றவில்லை. வலது, இடது இரண்டு பக்கமும் ஒரே சூடு.

ஒரே குறை, கடைசிக் கால்பங்கில் தண்டுக்குள் கொரகொரவென்று சத்தம், வாயில் கசப்பு நீர்.

ஆமைநடை:
பைப் கிளீனரைத் தண்டு வழியாக விட்டு எடுங்கள், கழற்ற வேண்டாம். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள், கடைசித் துணுக்கு வரை எரிக்க வேண்டும் என்று சட்டமில்லை. பைப்புக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

ஈரவிறகு:
கிளீனர் சரி. புகையிலையை எவ்வளவு நேரம் காயவைத்தீர்கள்?

புதுப்புகை:
பத்து நிமிடம்.

ஈரவிறகு:
இருபது வையுங்கள்.

ஆமைநடை:
பதினைந்து.